குடும்பப் பெயர் இல்லாதோரின் வரலாறு: காரைக்கால் பதிவேடுகளை முன்வைத்து ஒரு மறுப்பு

தமிழ்நாட்டுச் சாதாரணக் குடும்பம் ஒன்றின் வரலாற்றை மூன்று தலைமுறைக்கு அப்பால் எழுத்துச் சான்றோடு தேட முடியாது என்னும் கருத்து, படித்தவர்களிடமும் பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் ஏறத்தாழ ஒரே உறுதியோடு நிலைபெற்றிருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களும் எல்லோருக்கும் பழக்கமானவையே: தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் தமிழர்க்கு இல்லை, பிறப்பையும் இறப்பையும் எழுதிவைக்கும் வழக்கம் இருந்ததில்லை, எழுதிவைத்த அயலாட்சியாளர்கள் தம்மவரைப் பற்றியும் தம்மோடு சேர்ந்துகொண்ட சிலரைப் பற்றியும் மட்டுமே எழுதினார்கள். காவிரிப் படுகையின் கடலோரத்தில் இரு நூற்றாண்டுக்கு மேல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் இக்கருத்து இன்னும் குறுகிய வடிவம் கொள்கிறது. பிரெஞ்சுப் பாணிக் குடும்பப் பெயர் உடையவர்களுக்கே பூர்வீகம் தேடுவது கைகூடும் என்றும், பழைய பதிவேட்டைப் புரட்டுகிறவர் யாராயினும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காகவே புரட்டுகிறார் என்றும் அங்கே பரவலாக நம்பப்படுகிறது. இந்த நம்பிக்கைகள் ஒவ்வொன்றும் தவறானவை. அவை தவறு என்பதை நிறுவுவதற்குக் காரைக்காலைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நிலத்தில் அரிது.

காரைக்கால் இன்றும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு துண்டாக, ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில், மற்ற மூன்று புறமும் தமிழ்நாட்டு மாவட்டங்களும் கிழக்கே வங்கக் கடலும் சூழ அமைந்திருக்கிறது. 1739-இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக் கம்பெனி இதைப் பெற்றது. அதன்பின் ஆங்கிலேயர் பலமுறை கைப்பற்றியும் திருப்பிக் கொடுத்தும் வந்த நிலையில் 1817-இல் இறுதியாகப் பிரெஞ்சு ஆட்சி மீண்டது. 1954 நவம்பர் 1-ஆம் நாள் நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சு அரசு காலப்போக்கில் இச்சிறு நிலப்பரப்பைக் காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, பிரெஞ்சுக்காரர் கிராந்த் அல்தே என்று அழைத்த திருமலைராயன்பட்டினம் ஆகிய ஆறு கொம்யூன்களாக, அதாவது தனித்தனி மேயரும் மன்றமும் உள்ள உள்ளாட்சிப் பகுதிகளாகப் பிரித்தது. வடக்கே தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசமிருந்தது. தெற்கே நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் வசமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஒரு நாள் நடைத்தொலைவுக்குள் நான்கு ஐரோப்பிய ஆட்சிகளும் அவற்றுக்கு முந்தைய தஞ்சை அரசும் வரி வாங்கி, வழக்குத் தீர்த்து, கணக்கு எழுதிய ஒரு கரையோரத்தைப் பற்றித்தான் எழுத்துச் சான்றே இல்லை என்று சொல்லப்படுகிறது.

ஆவணம் இல்லை என்னும் வாதத்தை முதலில் நோக்கலாம். பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் பதிந்துவைக்கும் ஏற்பாடு ‘எத்தா சிவில்’ எனப்பட்டது. குடிமைநிலைப் பதிவேடு என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஐரோப்பியர்க்கும் கிறித்தவர்க்கும் இதன் முன்வடிவமாகக் கோவில்களின் ஞானஸ்நான, கலியாண, அடக்கப் பதிவேடுகள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளிலேயே இருந்தன; இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இது 19-ஆம் நூற்றாண்டில் படிப்படியாக வந்து, அந்நூற்றாண்டு முடிவதற்குள் சட்டக் கடமையாகிவிட்டது. இப்பதிவின் சிறப்பு அதன் உள்ளடக்கத்தில் இருக்கிறது. 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடியியல் சட்டம், ஒரு பதிவில் குறிக்கப்படும் அனைவருடைய பெயர், வயது, தொழில், குடியிருப்பு ஆகியவற்றையும் எழுத வேண்டும் என்று விதித்தது. ஆகவே ஒரு குழந்தையின் பிறப்புப் பதிவு அக்குழந்தையோடு நிற்பதில்லை. தந்தை யார், தாய் யார், பிறப்பைத் தெரிவிக்க வந்தவர் யார், சாட்சி நின்ற இருவர் யார், அவர்கள் என்ன தொழில் செய்தனர், எங்கே குடியிருந்தனர், கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களா இல்லையா என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் பதிவாகின்றன. சாட்சிகள் பெரும்பாலும் அண்டை வீட்டாரும் உறவினரும் ஆதலால், ஒரு தெருவின் பத்தாண்டுப் பிறப்புப் பதிவுகளைச் சேர்த்துப் படித்தால் அத்தெருவில் வாழ்ந்தோரின் பட்டியலே உருவாகிவிடும்.

செல்லரித்தும் உப்புக் காற்றில் நைந்தும் புயலில் நனைந்தும் காகிதம் அழியும் கரையோரம் இது என்பது உண்மையே. ஆனால் இந்த அழிவை முன்கூட்டியே எண்ணிப்பார்த்த சட்டமும் இருந்தது. குடியேற்ற நாடுகளின் பதிவேடுகள் அனைத்துக்கும் கூடுதலாக ஒரு படியெடுத்துப் பிரான்சுக்கு ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும் என்று 1776 ஜூன் மாதத்து அரசாணை கட்டளையிட்டது. வெயில், மழை, பூச்சி, போர் ஆகியவற்றால் உள்ளூர்ப்படி அழிந்தாலும் வாரிசுரிமை வழக்குகள் நிற்காமல் நடக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அவ்வாறு போய்ச் சேர்ந்த படிகள் இன்று தென் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில், 1966-இல் நிறுவப்பட்ட கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன; கால வரம்பு கடந்த ஏடுகள் பலவற்றை இணையத்தில் கட்டணமின்றியே பார்க்கலாம். இந்தியத் தரப்பில், புதுச்சேரி இலாசுப்பேட்டை ஜீவானந்தபுரத்தில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை பிரெஞ்சு ஆட்சிக்கால ஆவணங்களைப் பாதுகாத்துவருகிறது. பழைய பிரெஞ்சிந்திய ஆவணங்களுக்கு எத்மோன் கொதார் என்னும் அதிகாரி 1922 தொடங்கிப் பல தொகுதிகளாக அட்டவணை வெளியிட்டார். ஆக, ஆவணம் இல்லை என்று சொல்பவர்களின் குறை ஆவணத்தில் இல்லை. திறந்து பார்க்காமலே தீர்ப்புக் கூறியதில் இருக்கிறது.

அடுத்தது குடும்பப் பெயர் பற்றிய வாதம். எல்லாவற்றிலும் வலிமையானதாகத் தோன்றுவதும் எளிதில் சரிவதும் இதுவே. நிலையான குடும்பப் பெயர் இருந்தால்தான் முன்னோரைப் பின்தொடர முடியும் என்பது ஐரோப்பிய ஆய்வாளர் தம் ஊருக்காக வகுத்துக்கொண்ட முறை. அந்த முறை காரைக்காலில் உதவுவதைவிட வழிதவறச் செய்வதே மிகுதி. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, இந்து, முஸ்லிம், கிறித்தவ வழக்கச் சட்டங்களின் கீழ் இருந்த இந்தியர் எவரும் அவற்றைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின் கீழ் வரலாம் என்றாயிற்று. அவ்வாறு வந்தவர்கள் ‘ரெனோன்சான்’, அதாவது துறந்தோர், எனப்பட்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய புதுச்சேரி பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லப்போர்த்’ என்னும் பெயரை ஏற்றது போல, ஒவ்வொருவரும் தமக்கும் தம் வழித்தோன்றல்களுக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவுசெய்தனர். ஆகவே காரைக்கால் துறந்தோர் குடும்பம் ஒன்றின் பிரெஞ்சுப் பெயர் 1881-க்கு முன்னால் இல்லவே இல்லை. அப்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்பவர் ஒரு தலைமுறையில், மிஞ்சினால் இரண்டு தலைமுறையில், சுவரில் முட்டி நிற்பார். அதற்கு அப்பால் அவருக்கும் இன்னாரின் மகன் இன்னார் என்னும் தமிழ்ச் சங்கிலியே துணை. பெயர் உள்ளவர்க்கு வரலாறு உண்டு, இல்லாதவர்க்கு இல்லை என்னும் பிரிவினை இங்கேயே பொய்த்துவிடுகிறது.

கடல் கடந்து போனவர்களின் நிலை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளில் இன்று காணப்படும் முத்துசாமி, ராமசாமி, சிதம்பரம் போன்ற குடும்பப் பெயர்கள், ஒப்பந்தக் கூலியாகப் போய் இறங்கிய ஒரு தனிமனிதரின் இயற்பெயர் அங்கே உறைந்து குடும்பப் பெயராக மாறியதன் விளைவே. முத்துசாமி என்னும் பெயரோடு இறங்கியவர் ஒருவர் அல்லர். ஆகவே ஒரே குடும்பப் பெயர் உடைய இரு தீவுக் குடும்பங்களுக்கிடையே உறவு இருக்க வேண்டியதில்லை. அண்ணனும் தம்பியுமாக ஒரே கப்பலில் போன இருவரின் வழித்தோன்றல்கள் வெவ்வேறு குடும்பப் பெயரோடு ஒருவரையொருவர் அறியாமல் வாழவும் இடமுண்டு. குடும்பப் பெயர் என்பது இங்கே உறவைக் காட்டும் சான்றாகவே இல்லை.

அதற்கு மாறாக, குறை என்று இகழப்படும் தமிழ்ப் பெயர் முறைக்குள் தேடுவோருக்கு உதவும் ஒழுங்கு இருக்கிறது. தந்தையின் பெயர் மகனுக்கு முன்னொட்டாகிறது. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரு தலைமுறை இடைவெளியில் அதே பெயர் திரும்புகிறது. குலதெய்வத்தின் பெயர் ஒரு குடும்பத்தில் மீண்டும் மீண்டும் வருவதால் அக்குடும்பம் எந்த ஊர்க் கோவிலைச் சேர்ந்தது என்பதற்குக் குறிப்புக் கிடைக்கிறது. பெயரை எழுதிய பிரெஞ்சு எழுத்தர்களின் எழுத்துமுறை ஒரு தடைதான். உகரத்துக்கு இரண்டு எழுத்தும் ககரத்துக்கு ஒருமுறை ஓர் எழுத்தும் மறுமுறை வேறோர் எழுத்துமாக, ஒரே குப்புசாமியை ஒரே ஏட்டில் மூன்று விதமாக எழுதியிருப்பதைக் காணலாம். ஆனால் பதிவின் அடியில் தமிழிலேயே கையெழுத்து இருக்கும் இடங்களில் அத்தடையும் நீங்குகிறது. பிரெஞ்சு எழுத்துகளைத் தமிழ் ஒலியாக்கிப் படிக்கும் பழக்கம் சில நாளில் வந்துவிடும். இதற்கு அஞ்சி ஆய்வையே கைவிடுவதற்கு நியாயமில்லை.

காரைக்காலில் குடும்பத்தைத் தேடுவோர் பெயரிலிருந்து தொடங்காமல் தெருவிலிருந்தும் மனையிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் மைய வாதம். இது புதிய முறையும் அன்று. சோழர் காலக் கல்வெட்டுகள் ஒரு நிலத்தைக் குறிக்கும்போது கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று நான்கு திசையும் சொல்லி, ஒவ்வொரு திசையிலும் யாருடைய நிலம், எந்த வாய்க்கால், எந்தப் பெருவழி என்று எழுதின. இன்று கிரயப் பத்திரம் எழுதுபவரும் அதையே செய்கிறார்: இன்னார் மனைக்கு மேற்கு, இன்னார் வீட்டுக்கு வடக்கு, தெருவுக்குக் கிழக்கு, கொல்லை வாய்க்காலுக்குத் தெற்கு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மாறாமல் வந்துள்ள இவ்வழக்கத்தின் பயன் என்னவெனில், ஒரு வீட்டுப் பத்திரம் அவ்வீட்டு உரிமையாளர் ஒருவரோடு குறைந்தது இரண்டு மூன்று அண்டை வீட்டாரையும் பெயர் சொல்லிக் காட்டிவிடுகிறது. அவர்களுடைய பத்திரங்கள் அடுத்த வீட்டாரைக் காட்டும். இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே மனை கைமாறும்போது எழுதப்பட்ட பத்திரம் பழைய அண்டை வீட்டாருக்குப் பதிலாக அவர்களின் மக்களையோ, வாங்கியவர்களையோ குறிக்கும். அந்த மாற்றத்திலிருந்து யார் இறந்தார், யார் பாகம் பிரித்தார், யார் விற்றுவிட்டு வெளியேறினார் என்பது தெரியவரும்.

காரைக்காலில் இம்முறைக்குக் கூடுதல் வசதி உண்டு. ‘நொத்தேர்’ என்று மக்கள் வழங்கிய பிரெஞ்சுப் பத்திர அதிகாரியும், இந்தியரின் பத்திரங்களை எழுதிப் பதிவுசெய்யவென்றே இருந்த ‘தபெல்லியோன்’ என்னும் உள்ளூர்ப் பத்திர அதிகாரியும், கட்சிக்காரர்களுக்குப் படி கொடுத்துவிட்டு மூலத்தைத் தம் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளும் முறை அங்கே இருந்தது. அப்பத்திரங்களில் விற்பனையோடு கலியாண உடன்படிக்கை, பாகப்பிரிவினை, அடமானம், உயில், சுவீகாரம் ஆகியவையும் அடங்கும். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இறந்த தந்தை, உயிரோடிருக்கும் தாய், மக்கள், மணமாகிப் போன பெண்கள், பித்தளைப் பாத்திரம் முதல் தென்னை மரம் வரை யாருக்கு எது என்ற கணக்கு எல்லாம் வந்துவிடும். எந்தக் குடும்பப் பெயரும் தர முடியாத நெருக்கமான அறிவு அது.

தெருப்பெயர் மாறிவிட்டதே, பழைய வீட்டை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்கப்படலாம். பாரதியார் வீதி என்று இன்று வழங்கும் தெருவுக்கு அப்பெயர் 20-ஆம் நூற்றாண்டில்தான் வந்திருக்க முடியும் என்பது வெளிப்படை. ஆனால் கோவிலும் குளமும் வாய்க்காலும் பள்ளிவாசலும் அரசலாற்றங்கரையும் இடம் மாறுவதில்லை. நான்கெல்லை முறை பெரும்பாலும் அவற்றைத்தான் ஆதாரமாகக் கொண்டது. தெருவின் ஒரு முனையை ஒரு கோவிலோடு பொருத்திவிட்டால், பத்திரங்களைக் கொண்டே வீடு வீடாக நகர்ந்து மறுமுனை வரை போகலாம்.

இங்கு ஓர் உண்மையான குறைபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். மனைப் பத்திரம் மனை உள்ளவரையே காட்டும். காவிரிப் படுகையில் மிராசுதாரர் மனைக்கட்டில் குடியிருந்த பண்ணையாட்களுக்குப் பத்திரம் இல்லை. ஆனால் இவர்கள் வேறு இடங்களில் பதிவாகியிருக்கிறார்கள். 1871 முதல் பிரெஞ்சிந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தனுப்பியது. வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சொத்தும் வரியும் பார்த்து மிகச் சிலருக்கே வாக்குரிமை பிற்காலத்தில் கிடைத்ததை எண்ணினால், திருநள்ளாற்றிலும் நெடுங்காட்டிலும் நாற்று நட்டவரின் கணவரும் மகனும் 19-ஆம் நூற்றாண்டிலேயே வாக்காளர் பட்டியலில் ஏறியது எத்தகைய அரிய சான்று என்பது விளங்கும். 1884 ஆணை ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்று பட்டியலாகவும், 1899 ஆணை இரண்டு பட்டியலாகவும் வாக்காளரைப் பிரித்தன. பிரெஞ்சிந்தியத் தேர்தல்கள் முறைகேட்டுக்குப் பேர்போனவை. இறந்தவரும் வாக்களித்ததாகக் கணக்குக் காட்டப்பட்ட காலம் அது. எனவே பட்டியலில் ஒருவர் பெயர் இருப்பது அவர் அவ்வாண்டு உயிரோடிருந்ததற்குத் தனியே சான்றாகாது; இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டே அதை ஏற்க வேண்டும். ஒப்பிடுவதற்கு இரண்டு ஏடுகள் இருக்கின்றன என்பதே இங்கு முக்கியம்.

ஆளுவோர் தம் தேவைக்காக எழுதிய ஏட்டில் ஆளப்பட்டோரின் வரலாறு எப்படி இருக்கும் என்பது வரலாற்றுத் துறையினர் எழுப்பும் எதிர்வாதம். வரி, வாக்கு, கூலியாள், வாரிசு என்னும் தேவைகளே அந்த ஏடுகளை உண்டாக்கின என்பதில் ஐயமில்லை. அவை கேட்ட கேள்விகள் மட்டுமே அவற்றில் விடை பெற்றிருக்கின்றன. ஆனால் இதிலிருந்து அவற்றைப் புறக்கணிக்க வேண்டும் என்ற முடிவு வராது. வீட்டிலும் ஊரிலும் உள்ள ஏடுகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்ற முடிவே வரும். தமிழருக்கு எழுதிவைக்கும் பழக்கமில்லை என்பவர்கள் மொய் நோட்டை மறந்துவிடுகிறார்கள். ஒரு கலியாணத்தில் யார், எந்த ஊர், யார் மகன், எவ்வளவு எழுதினார் என்று வரிசையாகப் பதிந்து, திருப்பிச் செய்ய வேண்டிய கடமைக்காகத் தலைமுறைகளுக்குப் பத்திரப்படுத்தப்படும் அந்த நோட்டு, ஒரு குடும்பத்தின் உறவு வட்டமும் நட்பு வட்டமும் எந்த எந்த ஊர்வரை பரந்திருந்தன என்பதைக் காட்டும் முதல்தரச் சான்று. கோவில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போட ஊரார் எழுதிய தலைக்கட்டுக் கணக்கு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு போன்ற மீனவக் கிராமங்களில் பஞ்சாயத்தார் வைத்திருக்கும் வரிக் கணக்கு, ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு, கலியாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பாட்டனுக்கும் முப்பாட்டனுக்கும் பெயர் சொல்லி எள்ளும் நீரும் விடும் சடங்கு ஆகியவை எல்லாம் ஆளுவோர் கேட்காமல் மக்கள் தாமே தமக்காக வைத்துக்கொண்ட பதிவுகள்.

இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எதிர்பாராத ஒரு நன்மை விளைகிறது. வீட்டில் சொல்லப்படும் வம்சக் கதை ஏறத்தாழ முழுவதும் ஆண்களின் கதை. பாட்டியின் தாய்க்குப் பெயர் என்ன என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் விடை வராது. ஆனால் பிரெஞ்சுப் பிறப்புப் பதிவில் தாயின் பெயர் இருக்கிறது. திருமணப் பதிவில் இரு தரப்புத் தாய்மாரின் பெயரும் இருக்கிறது. பெண்வழியைத் தேட விரும்புவோர்க்குக் குடும்ப நினைவைவிட அயலாட்சியின் ஏடே அதிகம் உதவுகிறது என்பது சங்கடமான உண்மை. ஆயினும் அது உண்மையே.

ஒப்பந்தக் கூலிகளின் வரலாறு தனியே நின்று நோக்கத் தக்கது, ஏனெனில் தேடவே முடியாதவர்கள் என்று எல்லோரும் கைவிட்டவர்கள் இவர்கள்தான். 1848 ஏப்ரல் 27-ஆம் நாள் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆளேற்றும் துறைகளாயின. ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும், அடுத்த ஆண்டு டிசம்பரில் குவாதலூப்பிலும் முதல் தொகுதிக் கூலிகளை இறக்கியது. 1860, 1861-ஆம் ஆண்டுகளின் ஆங்கில–பிரெஞ்சு உடன்படிக்கைகள் பிரிட்டிஷ் பகுதிகளிலிருந்தும் ஆளெடுக்க வழிசெய்தன. 1880-களின் இறுதிக்குள் இப்போக்கு நின்றபோது குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோரும் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ இருபத்தையாயிரம் பேரும் போயிருந்தனர். இவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும், கப்பல் பெயரும், தந்தை பெயரும், வயதும், பிறந்த இடமும் குறித்த பதிவு தீவுகளில் எழுதப்பட்டது. மிராசுதாரரின் பட்டா நிலத்தில் பெயரில்லாமல் உழைத்தவர், கப்பலேறிய பிறகு தந்தை பெயரோடு பதிவானார்.

இப்பதிவுகளைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. பிறந்த இடம் காரைக்கால் என்று எழுதியிருப்பது பலரைப் பொறுத்தவரை ஏறிய துறையின் பெயரே; அவர்களுடைய சொந்த ஊர் எல்லைக்கு அப்பால், அன்றைய பிரிட்டிஷ் தஞ்சாவூர் மாவட்டத்திலோ அதற்கும் உள்ளேயோ இருந்திருக்கலாம். முன்னோர் ஊர் தேடித் தீவுகளிலிருந்து வருவோர் காரைக்காலிலேயே தேடிச் சலித்துத் திரும்புவதற்கு இது ஒரு காரணம். தேட முடியாது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுபவர்கள், தேடும் வட்டத்தை நன்னிலம், மாயூரம், நாகப்பட்டினம் என்று விரிக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. தீவுகளில் இப்பதிவுகள் வெறும் காகிதமாகவும் கிடந்ததில்லை. குவாதலூப்பில் பிறந்த இந்திய வழித்தோன்றல்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் கோரி ஆன்றி சிதம்பரம் 1904-இல் தொடங்கிய வழக்கு 1923 வரை நீண்டு வெற்றியில் முடிந்தது. பெற்றோர் யார், எங்கிருந்து வந்தனர் என்னும் கேள்வியே அவ்வழக்கின் உயிர்நாடி. தேடிக் கண்டறியவே முடியாத முன்னோருக்காக அங்கே இருபது ஆண்டு வழக்காடவில்லை.

கடல் கடந்து போனவரைத் தேடுவது இந்த ஊருக்கு அயலானதும் அன்று. பெரியபுராணத்தில் காரைக்கால் வணிகன் பரமதத்தன் கலமேறிப் போய்ப் பாண்டிநாட்டுத் துறையொன்றில் இரண்டாம் குடும்பம் அமைத்து வாழ்ந்ததைக் கேள்வியுற்ற உறவினர், அவன் இருக்குமிடத்தை விசாரித்தறிந்து அவன் மனைவி புனிதவதியை அங்கே அழைத்துச் சென்றனர் என்று சேக்கிழார் பாடுகிறார். ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவில் அந்தக் கதையைக் கொண்டாடும் ஊர், சைகோனிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் வேரூன்றிய தன் மக்களைப் பற்றித் தேடினால் கிடைக்காது என்று சொல்வது பொருந்தாது. பிரெஞ்சு இந்தோசீனாவுக்கு அலுவலராகவும் காவலராகவும் வணிகராகவும் போன புதுச்சேரி, காரைக்கால் மக்களைப் பற்றி நத்தாஷா பைரோதோ ஆவணங்களிலிருந்து ஒரு முழு நூலையே எழுதி 2016-இல் வெளியிட்டார்.

குடியுரிமைக்காகவே தேடுகிறார்கள் என்னும் பேச்சுக்கும் ஒரு வேர் உண்டு. 1956 மே 28-ஆம் நாள் கையெழுத்தாகி 1962-இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை, இப்பகுதிகளில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் கேட்டால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது; சில ஆயிரம் பேர் அவ்வாறு கேட்டனர். வெளிநாடுகளில் இருந்தோருக்கு வேறு விதிகள் இருந்தன. ஆகவே பாட்டன் எங்கே பிறந்தார், 1962-இல் எங்கே இருந்தார் என்னும் இரு செய்திகளில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே தொங்கும் நிலை உண்டாயிற்று. பிரான்சின் நாந்த் நகரத்துப் பதிவு அலுவலகத்துக்குக் காரைக்காலிலிருந்து விண்ணப்பங்கள் போவதும் வழக்கமாயிற்று. இவ்வாறு தேடுவதில் இழிவு எதுவும் இல்லை. உரிமைக்குச் சான்று தேடுவது எந்தக் குடிமகனுக்கும் உரியது. தீங்கு வேறு இடத்தில் விளைகிறது: பதிவேடு என்றால் பாஸ்போர்ட்டு என்று மனத்தில் பதிந்துவிட்டதால், அதற்கு வழியில்லாத பெரும்பான்மைக் குடும்பங்கள் தம் வீட்டிலுள்ள பழைய காகிதங்களுக்கு மதிப்பே இல்லை என்று முடிவு கட்டிவிட்டன. வீடு இடிக்கும்போது பெட்டியோடு எடைக்குப் போகும் பத்திரங்களும், ஈரத்தில் கிடந்து மக்கும் நோட்டுகளும் அந்த முடிவின் விளைவே. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர வீடுகளிலிருந்து அடித்துச் சென்றவற்றை யாரும் தடுத்திருக்க முடியாது. எடைக்குப் போடுவதைத் தடுக்க முடியும்.

கடைசியாக, முன்னோர் ஆய்வு சாதிப் பெருமைக்கே உதவும் என்னும் அச்சம். இது நேர்மையான அச்சம். வம்ச வரலாறு என்ற பெயரில் வெளிவரும் நூல்களில் பல, ஒரே சாதியின் பழம்பெருமையை மெய்ப்பிக்க எழுதப்பட்டவை என்பதால் இதற்கு இடமும் இருக்கிறது. ஆனால் அத்தகைய நூல்கள் பதிவேட்டைத் தவிர்த்தே எழுதப்படுகின்றன. பதிவேட்டுக்குள் போனவர் அந்தப் பெருமையோடு வெளியே வருவது கடினம். கடனுக்கு வீட்டை இழந்த பாட்டன், சுவீகாரம் வந்த முப்பாட்டன், மறைக்கப்பட்ட இரண்டாம் மனைவி, மதம் மாறிய தம்பி, 18-ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் அடிமையாக விற்கப்பட்டுத் தீவுகளுக்குக் கப்பலேறிய குழந்தை ஆகியோரை அங்கே சந்திக்காமல் இருக்க முடியாது. தெருவை அடிப்படையாகக் கொள்ளும் முறை இந்த அச்சத்துக்கு நேரடியான மருந்தும் ஆகும். ஒரு வம்சத்தைத் தேடுபவர் தம் மக்களை மட்டும் காண்கிறார். ஒரு தெருவைத் தேடுபவர் அதில் நூறாண்டாகக் குடியிருந்த செட்டியாரையும் மரைக்காயரையும் கிறித்தவரையும் வாடகைக்கு வந்துபோன எழுத்தரையும், அத்தெருவைக் கூட்டிப் பெருக்கியவர் எந்தச் சேரியிலிருந்து வந்தார் என்பதையும் ஒருசேரக் காண வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியது இன்னதென்று தெளிவாகவே இருக்கிறது. காரைக்கால் நகராட்சியும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் தம் வசமுள்ள பழைய பதிவேடுகளுக்கு ஊர்வாரியாகவும் தெருவாரியாகவும் பெயரடைவு செய்து வெளியிட வேண்டும்; கால வரம்பு கடந்த ஏடுகளை ஆய்வாளருக்கும் குடும்பத்தாருக்கும் வேறுபாடின்றித் திறந்துவிட வேண்டும். அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் அவ்வையார் அரசு மகளிர் கல்லூரியும் உள்ள ஊரில், ஒவ்வொரு மாணவரும் தம் தெருவின் நான்கெல்லையையும் அங்கே வாழ்ந்தோரையும் எழுதுவதை ஒரு பருவத்தின் பாடமாக்குவதற்குத் தடை ஒன்றுமில்லை. வீட்டில் பழைய கிரயப் பத்திரமோ மொய் நோட்டோ வைத்திருப்பவர்கள் அதை எறிவதற்கு முன் ஒரு படமாவது எடுத்து, யாருடையது, எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று பின்னால் எழுதி, அக்கல்லூரிகளில் ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும்.